சீவிய உரித்து யாருக்கு? வயது போன காலத்துக்கு உறுதி எழுதுபவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் எனது நொத்தாரிசு அலுவலகத்தில் (உறுதி எழுதிப் பதியும் இடம்) என்னோடு ஜூனியராக இருக்கும் பிள்ளை, நன்கொடை உறுதி ஒன்றின் வரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தாய் தன் சீதன வீட்டை மகளுக்குக் கொடுக்கிறா. எல்லைகள் சரி, பரப்பு சரி, பழைய உறுதி இலக்கங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் பக்கத்தில், ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் நிலைக்கும் உரிமையான சீவிய உரித்தைப் பற்றிய அந்த வரி: "எனது சீவிய உரித்தை எனக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டு". இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய வரி, கிட்டத்தட்ட அதே சொற்களில். அந்த வரியால் ஒரு மனிசன் தன் வீட்டை இழந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரில் எழுத்துப் பிழை, அடையாள அட்டை இலக்கம் மாறிப்போவது, எல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றைக் காணிப் பதிவகத்திலேயே பிடித்து விடுவார்கள். யாரும் பிடிக்காத தவறுகள்தான் ஆபத்தானவை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, திருத்த வழியில்லாத நேரத்தில்தான் அவை வெளியே வரும்.

எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் சீவிய உரித்து வைப்பது

2003ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம். வந்தவர்கள் திரும்பிப் போகமுன் காணி அலுவலை முடிக்க வேண்டும் என்று அவசரப்படுவார்கள். ஒரு நாளில் மூன்று நான்கு உறுதிகள்கூட எழுதியிருக்கிறேன். அப்படி வந்த ஒரு குடும்பம் அது. வீடும் வளவும் தாயின் சீதனம், இரண்டு பரப்பு. தகப்பன் கொழும்பில் வேலை பார்த்து உழைத்த காசில் அந்தக் காணியில்தான் கல்வீடு கட்டியிருந்தார். கடைசி மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். வீடு அவளுக்கு.

தாய் கொடுக்கிறவ, ஆகவே தாய்க்குச் சீவிய உரித்து. நான் அவ்வளவுதான் யோசித்தேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள நிலத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றுவதானால் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. அதனால் தகப்பனும் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். மகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எல்லாரும் சந்தோசமாகப் போனார்கள்.

2011இல் தாய் செத்துப்போனா. அவவோடு அவவின் சீவிய உரித்தும் முடிந்தது. அந்த நிமிடத்திலிருந்து வீடு முழுக்க முழுக்க மகளுக்கு. மகள் நல்ல பிள்ளை, தகப்பனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். ஆனால் மருமகன் வியாபாரத்துக்கு வங்கியில் கடன் எடுத்தான், வீடு ஈடு வைக்கப்பட்டது. வியாபாரம் படுத்தது. 2014இல் வீடு ஏலத்தில் போனது. வாங்கியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வீட்டை விடச் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஐயா, உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, நானும் இதிலை கையெழுத்து வைச்சனான்தானே. அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ?"

அந்தக் கையெழுத்து அவருக்கு எதையும் தரவில்லை. மனைவி கொடுப்பதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை என்பதற்கான சம்மதம் மட்டும்தான் அது. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாமல் போய்விட்டது. தண்ணீர் எடுத்துவரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன். அவர் தங்கச்சி வீட்டின் பின்பக்கத்து அறை ஒன்றுக்குப் போனார். அங்கேதான் கண்ணை மூடினார். இன்றைக்கும் அந்த வரியைக் காணும்போது எனக்குக் கோபம் வரும்.

வரைவில் சேர்த்திருக்க வேண்டியது ஒரேயொரு சொற்றொடர்: "எனக்கும் எனது கணவருக்கும், எங்களில் இறுதியாக உயிருடன் இருப்பவரின் ஆயுள்வரை". இப்படி எழுதிப் பதிவு செய்திருந்தால், பிறகு ஈடு பிடிக்கிற வங்கி அந்த உரித்தைப் பதிவகத்தில் பார்த்திருக்கும். பார்த்தால் அவரையும் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கும், அல்லது கடனே கொடுத்திருக்காது. ஏலத்தில் வாங்கியவரும் அவர் உயிரோடு இருக்கும்வரை அவரை எழுப்பியிருக்க முடியாது.

இந்தத் தவறு யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு பாரதூரமானது என்றால், கணவன் மனைவிக்குள் ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் தானாகக் கிடைப்பது எங்கள் சட்டத்தில் மிகக் குறைவு. தேசவழமையில் முதுசமும் (பரம்பரையாக வந்தது) சீதனமும் (மனைவி கலியாணத்தோடு கொண்டுவந்தது) தனித்தனிச் சொத்து. அந்தச் சொத்துக்காரர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது அது பிள்ளைகளுக்குப் போகும், துணைக்கு வராது. துணைக்கு வருவது தேடியதேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தில்தான். அதிலும் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இறந்தவரின் தேடியதேட்டத்தில் அவர் மரணசாசனத்தாலோ வேறு வழியாலோ கொடுக்காமல் விட்ட பகுதியில் பாதிதான். மற்றப் பாதி அவரின் வாரிசுகளுக்கு.

கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. "அப்பா செத்தால் அம்மாவுக்குப் பாதி வரும்தானே" என்று கேட்பார்கள். அது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சொல்கிற பொதுச் சட்டம். அவர்களின் சிங்கள நண்பனின் தாய்க்கு அது சரியாக இருக்கலாம். கோண்டாவிலில் தகப்பனின் முதுசக் காணியில் இருக்கும் தாய்க்குச் சரிவராது. சீதன வீட்டில் இருக்கும் தகப்பனுக்கும் சரிவராது. ஆகவே அவர்களைக் காப்பாற்ற இருப்பது இரண்டே வழி: உறுதியில் இருவருக்கும் சீவிய உரித்து, அல்லது ஒழுங்கான மரணசாசனம்.

இப்போது நான் கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டுத்தான் கதைப்பேன். மனைவியிடம் கேட்பேன்: "நீங்கள் முதல் போனால் அவர் எங்கே படுப்பார்?" கணவனிடமும் அதையே திருப்பிக் கேட்பேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போது இதற்கு உண்மையான பதில் வராது. செத்த பிறகு நடக்கப்போவதைக் கதைப்பது அபசகுனம் என்று சிரித்துக் கடத்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிட வேண்டும். சீவிய உரித்தை எழுதுவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. "வசிக்கும் உரிமை" என்று மட்டும் எழுதினால் அந்த ஆள் அங்கே இருக்கலாம், அவ்வளவுதான். "அனுபவிக்கும் உரித்து" என்று எழுதினால் தேங்காய், மாங்காய், வாடகை எல்லாம் அவருக்கு. நடக்க ஏலாமல் படுக்கையில் விழுந்து, பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கோ மகளின் வீட்டுக்கோ போக வேண்டி வந்தால், வீட்டை வாடகைக்கு விட்டு வரும் காசில்தான் மருந்தும் ஆள் கூலியும் கொடுக்க முடியும். வசிக்கும் உரிமை மட்டும் உள்ளவர் வீட்டை விட்டுப் போனால் அவர் கையில் ஒன்றும் இருக்காது. வரைவு எழுதுகிறவருக்கு ஒரு சொல் வித்தியாசம்தான். எண்பது வயதில் அதுவே மாதச் செலவு.

"மீளப்பெற முடியாத" உறுதியை இன்னொரு உறுதியால் இரத்துச் செய்யலாம் என்று நம்புவது

பிள்ளை கவனிக்கவில்லை என்று பெற்றோர் வருவார்கள். "முந்தி எழுதினதை வெட்டி விடுங்கோ." முன்பெல்லாம் சிலர் நொத்தாரிசிடம் போய் இரத்து உறுதி எழுதிப் பதிந்தும் இருக்கிறார்கள். அப்படிப் பதிந்த காணிகளின் உரித்துச் சிக்கலை அவிழ்ப்பதற்கே தனியாக வழக்குப் பேச வேண்டி வந்தது.

2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைப் பாரதூரமான நன்றியின்மை என்ற காரணத்தில் இரத்துச் செய்ய நீதிமன்றத்தால் மட்டும்தான் முடியும். வழக்குப் போடக் காலவரையறை உண்டு. நன்றியின்மையைச் சாட்சியத்தோடு நிரூபிக்கவும் வேண்டும். எழுபத்தைந்து வயதுத் தாய் சாட்சிக் கூட்டில் ஏறி, தன் மகன் தன்னை என்ன சொல்லி ஏசினான் என்று குறுக்கு விசாரணையில் சொல்ல வேண்டும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: சந்தேகம் துளி இருந்தாலும் நன்கொடை எழுதாதீர்கள், மரணசாசனம் எழுதுங்கள். மரணசாசனத்தை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தரமும் மாற்றலாம்.

"என்னை வாழ்நாள் முழுக்கப் பராமரிக்க வேண்டும்" என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. எவ்வளவு காசு, யார் வீட்டில், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று எழுதாத வரியை வைத்து நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பது?

மரணசாசனத்துக்குப் பிறகு கலியாணம் செய்வது

மனைவி இறந்து, அறுபது வயதுக்குப் பிறகு, பார்க்க ஆள் இல்லாமல் இரண்டாம் கலியாணம் செய்யும் ஆண்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் கலியாணப் பதிவோடு, அதற்கு முன் எழுதிய மரணசாசனம் இரத்தாகிவிடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் அன்றைக்கே எழுதி வைத்த விதி இது. கலியாணம் முடிந்த கிழமையே புதிதாக எழுதுங்கள்.

எழுதும் முறையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும். கொப்பித் தாளில் எழுதி இரண்டு அயலவரிடம் கையெழுத்து வாங்கி அலுமாரிக்குள் வைத்த "மரணசாசனங்கள்" எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றும் நிற்கவில்லை. பங்கு கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாக வைக்கவே வேண்டாம்.

அற்றோணித் தத்துவத்தை மரணசாசனமாக நினைப்பது

தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்தான் அற்றோணித் தத்துவம். கொடுத்தவர் இறந்த நிமிடமே அது முடிந்தது.

அதோடு நிற்கவில்லை. கொடுத்தவர் நினைவு தவறி, ஆளை அடையாளம் தெரியாத நிலைக்குப் போனாலும் அதில் தங்கியிருக்க முடியாது. வெளிநாடுகள் சிலவற்றில் இருப்பதுபோல, புத்தி தடுமாறிய பிறகும் தொடரும் அற்றோணித் தத்துவம் எங்கள் நாட்டுச் சட்டத்தில் இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், சொத்தைப் பார்க்க ஒரு முகாமையாளரை நியமிக்கக் கேட்க வேண்டும். கனடாவிலிருந்து பிள்ளைகள் "அம்மா எனக்கு பவர் தந்திருக்கிறா" என்று சொல்லும்போது இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போகும். மறதி நோயின் முதல் அறிகுறி தெரிந்தவுடன், தாயோ தகப்பனோ தெளிவாகக் கதைக்கிற காலத்திலேயே மரணசாசனத்தையும் வங்கி அலுவலையும் முடியுங்கள்.

அற்றோணித் தத்துவச் சட்டமும் 2022இல் திருத்தப்பட்டது. பழைய பத்திரம் கையில் இருந்தால், காணிக்குக் கையெழுத்து வைக்கமுன் அது இன்றைக்கும் செல்லுமா என்று கேளுங்கள்.

வங்கிக் கணக்கில், தனக்குப் பின் பணம் பெறுபவரின் பெயரைக் குறிக்காமல் விடுவது

ஒரு படிவம், ஒரு கையெழுத்து. இன்றைக்கே போங்கள்.

ஒரு காலத்துச் சலுகையை வாழ்நாள் வருமானமாகக் கணக்கிடுவது

2015இல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் வைப்புக்குப் பதினைந்து வீத வட்டி வந்தது. பத்து லட்சம் போட்டால் மாதம் 12,500 ரூபா. அதை நம்பி, மிச்சமிருந்த காணியையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு வட்டி காணும்" என்று சொன்ன தம்பதிகளை எனக்குத் தெரியும். 2022இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. விலைவாசி ஏறிய அதே ஆண்டு. காணி பிள்ளைகள் கையில், நம்பியிருந்த சலுகை வட்டி இல்லை.

ஓய்வு வயதும் இப்படித்தான் அங்குமிங்கும் போனது. அரச ஊழியருக்கு 2022இல் அறுபத்தைந்து என்றார்கள், 2023 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து மறுபடி அறுபது. அறுபத்தைந்து வரை சம்பளம் வரும் என்று நம்பிக் கடன் எடுத்து வீடு திருத்தியவர்கள் இருக்கிறார்கள். தனியார் துறையில் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை அறுபதாக்கியது. ஆனால் ஊழியர் சேமலாப நிதியில் காசை எடுக்க ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்ற வயதெல்லை அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலிலிருந்து பத்து வீதம். வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் அது பிடிபடாது. வயதுபோன எத்தனையோ பேர் இந்தப் படிவம் இருப்பதே தெரியாமல் மாதாமாதம் காசை இழக்கிறார்கள். பேரப்பிள்ளை யாராவது ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு அறுதி (விற்பனை உறுதி) எழுதுவது

மகன் கனடாப் பிரசை ஆனான், இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. அப்படியென்றால் அவன் இலங்கைப் பிரசை இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை விற்க முடியாது. ஆனால் நெருங்கிய உறவினருக்கு மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ போவதை அதே சட்டம் தடுக்கவில்லை. "கொடுத்ததாக வேண்டாம், விற்றதாக எழுதுங்கோ, பிறகு மற்றப் பிள்ளைகள் பிரச்சினைப்பட மாட்டினம்" என்று கேட்டு வருகிறார்கள். அந்தக் கெட்டித்தனம் உறுதியையே அழித்துவிடும்.

காணி பார்க்க விட்டவரை எழுத்தில்லாமல் விடுவது

பார்க்க விட்டவர் காணியைப் பத்து வருடம் தனதென்று ஆண்டால் ஆட்சியுரிமை கேட்டு வழக்குப் போடலாம். இடம்பெயர்ந்தவர்களுக்காக வந்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு உரியது. 2009க்குப் பிறகு நீங்கள் பார்க்காமல் விட்ட வருடங்களுக்கு அது உதவாது. வருடம் ஒருமுறையாவது வேலியடைக்க ஆள் விட்டு, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

முதுமைப் பராமரிப்பைச் சட்டத்துக்கு வெளியே உள்ள விசயமாக நினைப்பது

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்கிறது. தன்னைத் தான் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து மாதக் கொடுப்பனவு கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் போனால் வழி காட்டுவார். வழக்குப் பேச லட்சக்கணக்கில் காசு இல்லாதவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) மட்டும் சொல்லி அழுதுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஆனால் லண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் மகனிடம் இங்குள்ள கட்டளையைக் காட்டிக் காசு வாங்குவது கடினம். அதனால்தான் மறுபடி உறுதிக்கே வருகிறேன். கைதடியில் உள்ள அரச முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவவின் வீட்டில் இப்போது யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை மருமகளின் கணக்குக்குப் போகிறது. உறுதியைக் காட்டச் சொன்னேன். தலையணைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தா. இரண்டாம் பக்கத்தில் "வசிக்கும் உரிமை" என்று இருந்தது.

என் ஜூனியர் அந்த வரைவைத் திருத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை கணவனும் மனைவியும் தனித்தனியாக வந்து இருவருமே ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் கையெழுத்துக்கு நாள் குறித்தோம்.